கடின நீர், இனிப்பு நீர்

முப்பத்தொரு வருஷம் பாயிலர் பார்த்தவன் நான்.
ஊத்தான் மெலிந்தாங் எண்ணெய் ஆலையில்
செம்பனை நாரும் ஓடும் தின்று உறுமும்
அந்த இரும்பு வயிற்றுக்கு
எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்பது
என் வயிற்றைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆற்றுத் தண்ணீரை அப்படியே விடமாட்டோம்.
கண்ணுக்குத் தெளிவாய்த்தான் இருக்கும்.
கொதித்த பிறகு குணம் காட்டும்.
குழாயின் உள்சுவரில் வெள்ளையாய் ஒட்டும்,
முதலில் முகத்துப் பவுடர் அளவு,
பிறகு முட்டை ஓடு,
பிறகு சுத்தியலுக்கும் அசையாத காரை.
வெளியே பெயின்ட் பளபளக்கும்.
நீராவி வரும், டர்பைன் சுற்றும்,
சங்கு நேரத்துக்கு ஊதும்.
ஒருநாள் நள்ளிரவு ஷிப்டில்
ஒரே ஒரு குழாய்
வீங்கிக் கிழியும்.

அதனால்தான்
எட்டு மணிக்கு ஒரு தரம் மாதிரி எடுப்பேன்,
சொட்டு மருந்து விட்டு நிறம் பார்ப்பேன்,
அடிவால்வைத் திறந்து சகதியைத் துரத்துவேன்,
நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.
ஒருநாள் தவறியதில்லை.

என் ரத்தத்தில் ஒரு துளி
குத்திப் பார்க்கச் சொன்னபோது மட்டும்
நேரமில்லை.

நாளுக்கு ஐந்து தே.
கிளாஸின் அடியில் கெட்டிப்பால்
கலக்காமல் படிந்திருக்கும், கரண்டியால் வழிப்பேன்.
"நெருப்பு முன்னால நிக்கிறவனுக்கு
எல்லாம் வேர்வையாப் போயிடும்,
இனிப்பு எங்க தங்கும்?" என்றார் ரெங்கையா.
ரெங்கையாவின் வலது கால்
தெலுக் இந்தான் ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டது.

இன்று வியாழன். கிளினிக்கில் கால் பார்க்கும் நாள்.
மிஸ்ஸி நோராய்னி
தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழை வைத்திருக்கிறாள்.
கண்ணை மூடச் சொல்கிறாள்.
"ராசா?" என்கிறாள்.
மலாயில் அதற்கு 'தெரிகிறதா' என்று அர்த்தம்.
தமிழில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.
"ராசா, ராசா" என்கிறேன், தெரிகிறது, தெரிகிறது.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அங்கிள், நான் இன்னும் தொடவே இல்லை."

பிறகு இடுக்கியால் குதிகாலிலிருந்து
எதையோ எடுத்துத் தட்டில் போடுகிறாள்.
டிங் என்கிறது.
செம்பனை முள், அரை அங்குலம்.
எந்தக் கிழமை ஏறியது?
எத்தனை நாள் அதன்மேல் நடந்தேன்,
சந்தைக்கு, முனியாண்டி கோயிலுக்கு,
சன்னாசி மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாற?

டாக்டர் என் கண்ணின் படத்தைத் திரையில் காட்டுகிறார்.
செம்மண் நிலா மாதிரி ஒன்று.
மேலிருந்து பார்த்தால் தோட்டப் பாதைகள் போல ரத்தக் கோடுகள்.
அங்கங்கே கசிவு, சிவப்புப் புள்ளிகள்,
மஞ்சளாய் வடிந்து காய்ந்த கறை.
எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.
இருபத்தைந்து வருஷம் ஆய்வாளருக்கு
டார்ச் பிடித்தவன் நான்.

சிறுநீரில் நுரை நிற்கிறதா என்று கேட்டார்.
நிற்கிறது.
ஆலையின் பின்னால், கழிவுக் குட்டையில்
காற்றடிக்கும் ஓரம் நிற்பது போல.
வடிகட்டி நைந்தால்
தங்க வேண்டியது ஒழுகும்.
அதையும் அவர் சொல்லுமுன் நானே சொன்னேன்.

குழாய் கெட்டால் ஈப்போவிலிருந்து ஆள் வருவான்.
நாலு நாள் ஆலையை நிறுத்தி,
வெட்டி, புதிது சொருகி, அழுத்திப் பார்த்துப் போவான்.
"இதை மாற்ற முடியுமா?" என்றேன்.
டாக்டர் சின்னப் பிள்ளை, சிரிக்கவில்லை.
"இனிமே கெடாமப் பார்த்துக்கலாம்" என்றார்.

வீட்டில் பழைய ஆலை நோட்டு ஒன்று,
பாதிக்கு மேல் வெற்றுத் தாள்.
மறுநாள் கோடு போட்டு எழுதினேன்:
காலை 6.10. பதின்மூன்று புள்ளி நான்கு.
கால் இரண்டும் பார்த்தாயிற்று, விரலிடுக்கு உட்பட.
கையெழுத்து.

தனபாக்கியம் நோட்டை வாங்கிப் படித்தாள்.
மேற்பார்வையாளர் என்றிருந்த இடத்தில்
நிதானமாய்த் தன் பெயரை எழுதிவிட்டு
என் தே கிளாஸை
உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.